நாகமலை அடிவாரத்தில் ஒரு நாடா

"மதுரைக்குப் போய் வந்தேன்" என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். "மீனாட்சி தரிசனம் நன்றாக ஆயிற்றா?" என்று முதல் கேள்வி வரும். "சுங்குடிப் புடவை எத்தனை வாங்கினீர்கள்?" என்பது இரண்டாவது. "ஜிகர்தண்டா சாப்பிட்டீர்களா?" என்பது மூன்றாவது. இந்தத் தடவை மூன்று கேள்விகளுக்கும் நான் திருதிருவென்று விழிக்க வேண்டியதாய்ப் போயிற்று. ஏனென்றால், நான் ஊருக்குள்ளேயே தங்கவில்லை. மேற்கே நாகமலை புதுக்கோட்டைக்கு நேராகப் போய்விட்டேன். போன காரியம் ஒரு நாடாவைப் பார்ப்பது.

பாவாடை நாடா என்று எண்ணிவிடாதீர்கள், சகோதரிகளே! நான் சொல்வது வீடியோ நாடா. கறுப்புப் பெட்டிக்குள் சுருண்டு கிடக்குமே, அதுதான். உங்கள் வீட்டு அலமாரியிலும் அப்படி ஒன்று பழைய பட்டுப் புடவைகளுக்கு அடியில் தூங்கிக் கொண்டிருக்கக்கூடும். ஆகையால் கொஞ்சம் பொறுமையுடன் என்னோடு பஸ் ஏறி வர வேண்டும்.

* * *

பெரியார் பஸ் நிலையத்தில் ஏறினேன். தேனி சாலையில் காளவாசல், விராட்டிப்பத்து, அச்சம்பத்து என்று கண்டக்டர் ஒவ்வோர் ஊராகக் கூவிக்கொண்டே வந்தார். கட்டிடங்கள் சற்று விலகி வழி விட்டதும் மலை கண்ணில் பட்டது. தலையும் வாலும் இல்லாமல் நீளமாக, முதுகை மட்டும் காட்டிக்கொண்டு படுத்திருக்கும் மலை. "நாகமலை" என்று பெயர் வைத்தவர் யாரோ, அவருக்கு நல்ல கண் இருந்திருக்கிறது.

இந்த மலைக்குத் திருவிளையாடல் புராணத்தில் ஒரு தனிப் படலமே உண்டு. "நாகமெய்த படலம்" என்று அதற்குப் பெயர். மதுரையை விழுங்க வந்த பெரும் பாம்பை அனந்தகுண பாண்டியன் அம்பெய்து வீழ்த்தினான் என்றும், அந்தப் பாம்பே மலையாகக் கிடக்கிறது என்றும் கதை. பக்கத்திலே கீழக்குயில்குடியில் சமணர் மலை இருக்கிறது. தாமரைக் குளத்தையும் ஐயனார் கோயிலையும் தாண்டி மேலே ஏறினால், பாறையில் தீர்த்தங்கரர்களின் உருவங்களும் அவற்றின் அருகே வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் இருக்கின்றன. ஆயிரம் வருஷத்து எழுத்துகள். உருவத்தைச் செய்து வைத்தவர் பெயரை அவற்றில் இன்றைக்கும் படிக்கலாம்.

"புதுக்கோட்டை" என்றதும் தொண்டைமான் ராஜாக்களின் அரண்மனையை யாரும் தேட வேண்டாம். அது வேறு ஜில்லா. இது மலையடிவாரத்தில் வாத்தியார்களும் ஓய்வு பெற்ற உத்தியோகஸ்தர்களும் வீடு கட்டிக்கொண்டு வாழும் ஊர். இன்னும் மேற்கே போனால் பல்கலை நகர். 1966-ல் மதுரைப் பல்கலைக்கழகமாகத் தொடங்கி, 1978-ல் காமராஜர் பெயரைச் சூட்டிக்கொண்ட பல்கலைக்கழகம் அங்கே இருக்கிறது. அங்கே கல்விப் படங்கள் தயாரிக்கும் மையம் ஒன்று உண்டு. 1984 ஆகஸ்டு 15-ல் பல்கலைக்கழக மானியக் குழு தூர்தர்ஷனில் கல்லூரிப் பாடங்களை ஒளிபரப்பத் தொடங்கிற்று அல்லவா? அந்த முயற்சியோடு சேர்ந்து நாட்டின் பல பல்கலைக்கழகங்களில் இப்படிப்பட்ட மையங்கள் தோன்றின. அந்தக் காலத்துப் பாடங்களெல்லாம் நாடாவில் எடுக்கப்பட்டவைதாம்.

ஆகவே, நாடாவைப் பார்க்க நான் இந்த ஊருக்கு வந்ததில் ஒருவிதப் பொருத்தமும் இருக்கிறது. ஆனால் என்னை வரவழைத்தது பல்கலைக்கழகம் அல்ல, என் பெரியம்மா.

* * *

பெரியம்மாவுக்கு வயது 80. என் அம்மாவுக்கு மூத்தவர். தை மாதம் பிறந்ததும் ஒரு நாள் டெலிபோனில் கூப்பிட்டார்.

"ஏண்டி, உனக்கு நம்ம அப்பாவோட குரல் தெரியுமா?"

"எனக்கெப்படிப் பெரியம்மா தெரியும்? தாத்தா போன மறு வருஷம்தானே நான் பிறந்தேன்?"

"எனக்கும் மறந்து போச்சுடி. மூஞ்சி இருக்கு, போட்டோவிலே மாட்டி வச்சிருக்கேன். என்ன பேசுவார்ங்கிறதுகூட ஞாபகம் இருக்கு. குரல் மட்டும் காதுக்கு வர மாட்டேங்குது. நேத்து ராத்திரி பூரா யோசிச்சுப் பார்த்துட்டேன்."

இதற்கு நான் என்ன பதில் சொல்வது? சும்மா இருந்தேன். அவரே மேலே சொன்னார்: "பேரப் பையன் அந்தக் கேசட்டைச் சரி பண்றானாம். நீ வந்துட்டுப் போ."

அந்தக் கேசட்டின் சரித்திரத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975-ல் வந்தது. 1982-ல் ஆசிய விளையாட்டுகளை ஒட்டி நம் நாட்டில் வர்ணத் தொலைக்காட்சி வந்தது. அதன் பின்னால் வீடியோ டெக்கும் வந்து சேர்ந்தது. ஒரு ராத்திரிக்கு டெக்கை வாடகைக்கு எடுத்து, தெருவையே கூட்டி, விடிய விடிய மூன்று படம் பார்த்த காலம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். கல்யாண வீடுகளில் வீடியோக்காரர் நுழைந்ததும் அந்தக் காலத்தில்தான். பெண்ணும் மாப்பிள்ளையும் கண்ணைத் திறக்க முடியாதபடி ஒரு பெரிய விளக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு பையன் கூடவே வருவான்.

1988-ல் பெரியம்மாவின் மகளுக்கு, அதாவது என் அக்காளுக்கு, மதுரையில் கல்யாணம். வீடியோ எடுத்தார்கள். தாத்தா முன்னின்று நடத்திய கடைசி விசேஷம் அது. அடுத்த வருஷம் அவர் இல்லை.

எடுத்த வீடியோவை வெட்டி ஒட்டி, ஜிகினா எழுத்தில் பெயர் போட்டு, பளபளவென்று ஒரு காஸெட் தந்தார்கள். அதைப் பிற்பாடு டிவிடியாகவும் மாற்றி வைத்திருக்கிறார்கள். நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அதில் ஒரு சங்கடம். ஆரம்பம் முதல் முடிவு வரை சினிமாப் பாட்டு! மாலை மாற்றும்போது ஒரு டூயட், தாலி கட்டும்போது ஒரு பக்திப் பாட்டு, பந்தியில் ஒரு கும்மாளப் பாட்டு. கல்யாணத்தில் உண்மையாகக் கேட்ட சத்தம் ஒன்றுகூட இல்லை. தாத்தா மூன்று இடங்களில் வருகிறார். மூன்று தடவையும் வாயைத் திறக்கிறார். அவர் வாயிலிருந்து பின்னணிப் பாடகர் பாடுகிறார்! சின்ன வயதில் இதைப் பார்த்து நாங்களெல்லாம் சிரித்திருக்கிறோம். இப்போது நினைத்தால் சிரிப்பு வருவதில்லை.

நல்ல வேளையாக, வெட்டாத மூலக் காஸெட்டையும் பெரியப்பா கேட்டு வாங்கி வைத்திருந்தார். அதன் முதுகில் பால்பாயிண்ட் பேனாவால் "ஒரிஜினல்" என்று மட்டும் எழுதியிருந்தது. பாட்டு ஏறாத, உள்ளபடியே பிடித்த சத்தம் அதில் இருக்க வேண்டும். பெரியப்பா காலமான பிறகு அதை யாரும் தொடவில்லை. பெரியம்மாவும் தொட விடவில்லை. அதற்கும் காரணம் உண்டு. முன்னொரு தடவை கிருகப்பிரவேசக் காஸெட்டை ஒரு கடையில் கொடுத்தார்கள். கடைக்காரருடைய யந்திரம் நாடாவைக் கடித்துக் குதறிவிட்டது. ஒரு பிளாஸ்டிக் பையில் இடியாப்பம் போல் கட்டித் திருப்பிக் கொடுத்தார்கள். அன்றோடு, "இனிமேல் எதையும் வெளியிலே குடுக்கறதில்லே" என்று பெரியம்மா சபதம் செய்துவிட்டார்.

பீரோவில் வைத்துப் பூட்டினால் பத்திரம் என்று நினைத்தார். ஆனால் நாடாவுக்குப் பூட்டுப் போடத் தெரியாத பகைவன் ஒருவன் உண்டு. சென்ற தீபாவளிக்குப் பீரோவை ஒழித்தபோது எடுத்துப் பார்த்தால், காஸெட்டின் கண்ணாடி ஜன்னலுக்குள்ளே வெள்ளையாகப் பூத்திருந்தது. ஊறுகாய் ஜாடியின் வாயில் மழைக்காலத்தில் படருமே, அதே பூஞ்சக்காளான்!

* * *

பேரப் பையன் என்றேன் அல்லவா? அக்காளின் மகன். கம்ப்யூட்டர் உத்தியோகம். என்னைவிட ஐந்து வயதுதான் சின்னவன். ஆனால் முறைப்படி என்னைச் "சித்தி" என்று வாய் நிறையக் கூப்பிடுவான். தன் அப்பா அம்மா கல்யாணத்தைத் தானே மீட்கும் பாக்கியம் எத்தனை பிள்ளைகளுக்குக் கிடைக்கும்? திண்ணையில் ஒரு மேஜையைப் போட்டு, முகமூடியும் கையுறையும் அணிந்து, டாக்டர் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"உள்ளே வச்சுச் செய்யக் கூடாதா?" என்றேன்.

"கூடாது சித்தி. இந்தப் பூஞ்சக்காளான் தூள் மூச்சுக்குள்ளே போகக் கூடாது. மத்தக் கேசட்டுக்கும் பரவிடும்."

நாடா என்பது என்ன என்று அவன் எனக்கு விளக்கினான். எனக்குப் புரிந்தவரையில் உங்களுக்குச் சொல்கிறேன். மெல்லிய பிளாஸ்டிக் பட்டை ஒன்று. அதன்மேல் இரும்புத் துருவின் மிக நுண்ணிய தூள். தூளைப் பட்டையோடு பிடித்து வைக்க ஒருவிதப் பசை. அந்தத் தூளில் காந்தத்தால் எழுதிய எழுத்துத்தான் படமும் பாட்டும். மூன்று மணி நேரக் காஸெட்டுக்குள் ஏறக்குறைய 250 மீட்டர் நாடா சுருண்டிருக்கிறது. யந்திரத்துக்குள் ஓர் உருளை நிமிஷத்துக்கு 1,500 தடவை சுழன்றுகொண்டே அந்த எழுத்தைப் படிக்கிறது.

இதில் துருவும் பட்டையும் ஓரளவு தாங்கும். முதலில் கெடுவது பசை. காற்றில் உள்ள ஈரத்தைக் குடித்துக் குடித்து, மழைக்காலத்து அப்பளம் போல் அது நமுத்துவிடுகிறது. அப்படி நமுத்த நாடாவை யந்திரத்தில் போட்டால், தூள் பெயர்ந்து உருளையில் அப்பிக்கொள்ளும். போன தூளோடு படமும் போயிற்று, திரும்ப வராது. பூஞ்சக்காளான் பிடித்த நாடாவும் அப்படியே. "ஓடுகிறதா, பார்ப்போமே" என்று ஒரு தடவை போட்டுப் பார்ப்பதுதான் பெரிய ஆபத்து. பெரிய ஸ்தாபனங்களில் சிலவகை நமுத்த நாடாக்களை 50 டிகிரி அளவில் மணிக்கணக்காகச் சூடேற்றி, கொஞ்ச நாளைக்கு உயிர் கொடுப்பதுண்டு. இதைப் படித்துவிட்டு யாரும் காஸெட்டைச் சமையலறை அவனில் வைத்துவிடாதீர்கள்! அது அளவறிந்தவர்கள் செய்கிற வைத்தியம்.

பையன் செய்த வைத்தியம் எளிது, பொறுமைதான் வேண்டும். முதலில் காஸெட்டின் முதுகில் இருக்கும் சிறு பிளாஸ்டிக் பல்லை உடைத்துவிட்டான். அது இல்லாவிட்டால் தவறிப் போய்க்கூட அதன்மேல் வேறெதுவும் பதிவாகாது. பிறகு காற்றுப் புகாத டப்பாவில், ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலங்களோடு அதை ஒரு வாரம் வைத்தான். பூஞ்சக்காளான் காய்ந்து தூளாயிற்று. அதற்குப் பிறகு ஐந்து திருகாணிகளையும் கழற்றிப் பெட்டியைத் திறந்தான். நாடா எந்த வழியாக ஓடுகிறது என்று ஒரு புகைப்படம் எடுத்து வைத்துக்கொண்டான். நூல் பிரியாத மெல்லிய துணியை நாடாவில் பொருத்தி, கையால் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி, அங்குலம் அங்குலமாகத் துடைத்தான். இரண்டு சாயங்காலங்கள் பிடித்தன. கடைசியில் ஒரு புதுப் பெட்டிக்குள் அதைக் குடியேற்றினான்.

நான் போன அன்று இரண்டாவது சாயங்காலம். கறுப்பாக, வழவழவென்று நாடா அவன் விரல்களுக்கு இடையே நெளிந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் நாகமலை. நம் வீட்டுக்குள்ளும் ஒரு நாகம் என்று எண்ணிக்கொண்டேன். ஆனால் இதைப் பிடிக்க அம்பு உதவாது.

"மிஷின் எங்கே கிடைச்சுது?" என்று கேட்டேன்.

"சிநேகிதன் வீட்டுப் பரண்லே இருந்தது. அதுதான் சித்தி பெரிய கஷ்டம். நாடாகூடத் தப்பிச்சிடும். அதை ஓட்டற மிஷின் இனிமே வராது."

உண்மைதான். வி.ஹெச்.எஸ். யந்திரம் ஜப்பானில் 1976-ல் பிறந்தது. அதைக் கடைசிவரை செய்துகொண்டிருந்த ஃபுனாய் கம்பெனி 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. யந்திரம் பழுதானால் உதிரி பாகம் இல்லை. ரிப்பேர் செய்யத் தெரிந்தவர்களுக்கும் வயதாகிறது. 2019-ல் யுனெஸ்கோவும் ஒலி, ஒளிப் பதிவுக் காப்பகங்களின் சர்வதேச சங்கமும் சேர்ந்து உலகத்துக்கு ஓர் எச்சரிக்கை விடுத்தன. காந்த நாடாவில் இருப்பதையெல்லாம் 2025-க்குள் மாற்றிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு ஓட்டிப் பார்க்க வழி இருக்குமா என்பது சந்தேகம் என்பது அதன் சாரம். அந்த 2025-ம் வந்துவிட்டது.

* * *

மறுநாள் காலையில் நாடாவை யந்திரத்தில் ஏற்றினான் பையன். யந்திரத்தையும் சும்மா நம்பவில்லை. முதல் நாளே ஒரு பழைய சினிமாக் காஸெட்டைப் போட்டு, அது கடிக்கிற ஜாதியா என்று பரீட்சை செய்து பார்த்துவிட்டான். யந்திரத்திலிருந்து ஒரு கம்பி கம்ப்யூட்டருக்குப் போயிற்று. மூன்று மணி நேர நாடாவை மாற்ற மூன்று மணி நேரம் ஆகும், அவசரப்படுத்த முடியாது. தாத்தா எந்த நிமிஷத்தில் வருவாரோ தெரியாது. பெரியம்மா பிரம்பு நாற்காலியை இழுத்துப் போட்டு முன்னால் உட்கார்ந்துவிட்டார். திரையில் புள்ளி புள்ளியாகப் பனி கொட்டிக்கொண்டிருந்தது.

அந்த மூன்று மணி நேரத்தில் நாம் உலகத்தைச் சற்றுச் சுற்றி வரலாம், வாருங்கள். லாபத்தை எண்ணாமல் இந்த வேலையைச் செய்கிறவர்கள் எங்கெங்கே இருக்கிறார்கள் என்று பார்ப்போம்.

முதலில் நம் நாடு. தில்லிக்குப் பக்கத்தில் குருகிராமில் ஓர் இசை ஆராய்ச்சிக் காப்பகம் இருக்கிறது. அமெரிக்க இந்தியவியல் நிறுவனத்தின் கீழ் 1982-ல் தொடங்கியது. வெளிநாட்டு அறிஞர்கள் இங்கே வந்து நம் பாட்டையும் கூத்தையும் பதிவு செய்து எடுத்துப் போனார்கள் அல்லவா? அவற்றின் பிரதிகளைத் திரும்ப நம் நாட்டுக்குக் கொண்டு வந்து, கெடாமல் காத்து, ஆராய்ச்சி செய்கிறவர்களுக்குக் கேட்கக் கொடுக்கும் இடம் அது. அதை உருவாக்கியதில் பெரும் பங்கு நாசிர் ஜைராஸ்பாய் என்ற இசை அறிஞருக்கு உண்டு.

அவரைப் பற்றி ஒரு ரசமான செய்தி. ஆர்னால்டு பேக் என்ற டச்சுக்காரர் 1938-ல் தென்னிந்தியாவில் சுற்றிப் பாட்டுகளையும் ஆட்டங்களையும் பதிவு செய்தார். 46 வருஷங்கள் கழித்து, 1984-ல், ஜைராஸ்பாயும் எமி கேட்லின் என்ற அம்மையாரும் அந்தப் பழைய பதிவுகளைக் கையில் எடுத்துக்கொண்டு தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் என்று அதே இடங்களைத் தேடிப் போனார்கள். எது நிலைத்தது, எது மாறியது என்று பார்த்தார்கள். அதை வீடியோவிலும் பிடித்தார்கள். பார்த்தீர்களா வேடிக்கையை? பழைய பதிவைத் தேடிப் போனபோது எடுத்த வீடியோவுக்கே இப்போது 40 வயது தாண்டிவிட்டது. அதையும் ஒருவர் காக்க வேண்டும்.

தில்லியில் இந்திரா காந்தி தேசியக் கலை மையத்தில் சர்க்கார் நடத்தும் தேசியப் பண்பாட்டு ஒலி ஒளிக் காப்பகம் இருக்கிறது. நாட்டின் பல ஸ்தாபனங்களில் முடங்கிக் கிடந்த நாடாக்களை வாங்கி, மாற்றி, சேமித்து வைக்கிறார்கள். நம்பகமான சேமிப்பகம் என்பதற்கான சர்வதேச நற்சான்று 2017-ல் அதற்குக் கிடைத்தது.

கடல் தாண்டி இலங்கைக்குப் போவோம். 1981-ல் யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிந்தபோது தொண்ணூறாயிரத்துக்கு மேற்பட்ட நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. ஒரே ஒரு பிரதியை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பது எவ்வளவு அபாயம் என்பதை அந்த மக்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2005-ல் சில தன்னார்வலர்கள் "நூலகம்" என்ற பெயரில் இலங்கைத் தமிழ் நூல்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றத் தொடங்கினார்கள். இன்று அது ஓர் அறக்கட்டளை. புத்தகத்தோடு நிற்காமல், "ஆவணகம்" என்ற பெயரில் புகைப்படம், ஒலி, வீடியோ எல்லாவற்றையும் சேர்த்துக் காக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம்.

அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோவில் 1976-ல் தொடங்கிய ஒரு வீடியோ கூட்டமைப்பு, கலைஞர்களுடைய பழைய நாடாக்களை மாற்றிக் கொடுக்கும் தொண்டை நெடுங்காலம் செய்தது. நியூயார்க்கில் 2013-ல் ஒரு கலைக்கூடம் தன் மாடியிலேயே யந்திரங்களை வைத்து, "நாடாவைக் கொண்டு வாருங்கள், இலவசமாக மாற்றித் தருகிறோம்" என்று கலைஞர்களுக்கு அழைப்பு விட்டது. கண்காட்சி முடிந்த பிறகும் அங்கே வேலை செய்தவர்களுக்கு அதை விட மனம் வரவில்லை. தாங்களே ஒரு சேவைக் குழுவாகச் சேர்ந்துகொண்டார்கள்.

இவர்கள் எல்லோரையும்விட என்னைக் கவர்ந்தவர் பிலடெல்பியா நகரத்து மேரியன் ஸ்டோக்ஸ் என்ற மாது. நூலகத்தில் வேலை பார்த்தவர். 1979 முதல் தம் வீட்டில் இராப் பகலாகத் தொலைக்காட்சிச் செய்திகளைப் பதிவு செய்துகொண்டே இருந்தார். வெளியே விருந்துக்குப் போனாலும் காஸெட் மாற்றுகிற நேரத்துக்கு வீடு திரும்பிவிடுவாராம்! 2012 டிசம்பரில் அவர் கண்ணை மூடியபோது எழுபதாயிரம் அளவில் நாடாக்கள் சேர்ந்திருந்தன. தொலைக்காட்சி நிலையங்களே நாடா விலையை எண்ணி, பழைய நிகழ்ச்சியின் மேலேயே புதியதைப் பதிவு செய்து அழித்ததுண்டு. இந்த அம்மாளின் வீட்டில் எல்லாம் பத்திரமாக இருந்தது. இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற தரும ஸ்தாபனம் அவற்றை ஏற்றுக்கொண்டது.

சுற்றி வந்துவிட்டோம். கேட்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? இவற்றில் இசைக்கு இடம் உண்டு. நாட்டியத்துக்கு, செய்திக்கு, ஓவியர்களுக்கு இடம் உண்டு. அது நியாயமும்கூட. ஆனால் 1988-ல் மதுரையில் நடந்த ஒரு சாதாரணக் கல்யாணத்துக்கு எந்தக் காப்பகத்திலும் அலமாரி இல்லை. அதற்குள்ள காப்பகம் பெரியம்மாவின் பீரோ ஒன்றுதான்.

* * *

"அம்மாச்சி! இதோ பாருங்க!"

பையன் கூவியதும் நான் அடுக்களையிலிருந்து ஓடினேன். திரையில் பனி விலகியிருந்தது. மேலே ஒரு கோடு நடுங்கிக்கொண்டே இருந்தாலும் படம் தெளிவாகத் தெரிந்தது. பந்தி. இரண்டு வரிசையாக வாழை இலைகள். பாட்டு இல்லை! கரண்டிச் சத்தம், குழந்தை அழுகிற சத்தம், "ரசம், ரசம்" என்று யாரோ ஓடுகிற சத்தம். தோளில் துண்டோடு ஒரு கிழவர் நின்றுகொண்டிருக்கிறார். விளக்கு அவர் முகத்தில் அடிக்கிறது. அவர் கையை முகத்துக்கு நேரே தூக்கி மறைத்துக்கொண்டு சொல்கிறார்:

"என்னை எதுக்குய்யா பிடிக்கிறே? சாப்பிடறவங்களைப் பிடி. ஏய், அந்தக் கடைசி இலைக்கு அப்பளம் வரலை பாரு!"

அவ்வளவுதான். பத்துப் பன்னிரண்டு விநாடி இருக்கும். காமிரா வேறு பக்கம் திரும்பிவிட்டது.

சற்றுக் கரகரத்த குரல். நான் கற்பனை செய்து வைத்திருந்ததைவிட மெலிந்த குரல். சொன்னால் நம்புவீர்களோ என்னவோ, "அப்பளம்" என்பதை என் அம்மா எப்படி இழுத்துச் சொல்வாளோ, அப்படியே சொன்னார்! அம்மாவுக்கு அது எங்கிருந்து வந்தது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பெரியம்மா முதலில் சிரித்தார். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு, "இன்னொரு தரம் போடு" என்றார். கம்ப்யூட்டரில் ஏறிவிட்டதால் எத்தனை தரம் வேண்டுமானாலும் போடலாம். நாலு தரம் கேட்டார்.

"அப்பாவுக்கு எப்பவும் கடைசி இலைக் கவலைதான்" என்றார்.

* * *

நேயர்களே, உங்களிடம் ஒரு விண்ணப்பம். இந்த ஞாயிற்றுக்கிழமை பீரோவைத் திறந்து பாருங்கள். பளபளக்கும் காஸெட்டை விட்டுவிட்டு, பேனாவால் கிறுக்கி வைத்திருக்கும் காஸெட்டை முதலில் தேடுங்கள். வேறெங்கும் பிரதி இல்லாதது எதுவோ, பாட்டு ஏறாதது எதுவோ, அதற்கே முதல் இடம். பூஞ்சக்காளான் தெரிந்தால் யந்திரத்தில் போட வேண்டாம். மற்றவற்றிலிருந்து தனியே எடுத்து வையுங்கள். நல்லவற்றைப் புத்தகம் போல் நிறுத்தி, ஈரமும் வெயிலும் படாத இடத்தில் வையுங்கள். வெளியே கொடுப்பதானால், ஒரே நாளில் எல்லாவற்றையும் மூட்டை கட்டிக் கொடுக்காதீர்கள். முக்கியமில்லாத ஒன்றைக் கொடுத்து, எப்படித் திரும்பி வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். மாற்றிய பிறகு மூன்று பிரதிகள் எடுத்து, ஒன்றை வேறு ஊரில் இருக்கும் பிள்ளையிடமோ பெண்ணிடமோ கொடுங்கள். பழைய நாடாவையும் எறிந்துவிடாதீர்கள்.

இன்னொன்று உண்டு. அதை எந்த யந்திரமும் செய்யாது. படத்தில் இருப்பவர்களை அடையாளம் தெரிந்தவர் வீட்டில் இருக்கும்போதே பக்கத்தில் உட்கார வைத்துப் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். அன்று மத்தியானம் நாங்கள் அதைத்தான் செய்தோம். பெரியம்மா பந்தியைப் பார்த்து ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே வந்தார். இவர் திருமங்கலத்துப் பெரியப்பா. இது பால்காரர் சம்சாரம். இது உங்கம்மா, அப்போ எவ்வளவு ஒல்லி பாரு! பையன் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டே வந்தான்.

"அந்தக் கடைசி இலையிலே இருக்கிறது யாரு அம்மாச்சி?"

பெரியம்மா கண்ணாடியைச் சரி செய்துகொண்டு குனிந்து பார்த்தார். பத்து வயது இருக்கும் ஒரு பையன், இலையைப் பார்த்தபடி காத்துக்கொண்டிருந்தான்.

"அது மேளக்காரங்களோட தாளம் போட வந்த பிள்ளை. பேர் தெரியலையே" என்றார். பிறகு, சற்று நேரம் கழித்து, "அப்பளம் வந்துதா, பாரு" என்றார்.

பையன் நாடாவை மேலே ஓட விட்டான். காமிரா ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பி வந்தது. அந்தப் பிள்ளையின் கையில் அப்பளம் இருந்தது.